சோதனைக் கோப்பு

ஜூன் 24, 2024

இன்று முதல் இந்த நோட்டில் எழுதுகிறேன். மூன்று வருடங்களாக நாட்குறிப்பைக் கணினியில்தான் எழுதிவந்தேன். இனி அது முடியாது. காரணத்தை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால், நான் பயப்படுவதைவிடச் சிறியதாகத் தெரியலாம்.

காலை பத்து மணிக்குத் ‘துலக்கி’யிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. துலக்கி ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி. தனி ஒருவருக்குச் சொந்தமில்லாத மென்பொருள். பல ஊர்களில் இருக்கும் முப்பது நாற்பது பேர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுகிறோம். நான் தாவரவியல் பேராசிரியராக இருந்தவன் என்பதால் மரம், செடி, கொடிகளின் பெயர்களைச் சொற்பட்டியலில் சேர்ப்பது என் வேலை.

மின்னஞ்சலை அனுப்பியவர் கோவையில் இருக்கும் செழியன். “சோதனைக் கோப்பில் 212 எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். பொன்னையா ஐயா சரிபார்த்து ஏற்றுக்கொள்ளவும்.”

நான் சோதனைக் கோப்பு எதையும் கொடுத்ததாக நினைவில்லை. திறந்தேன். பழைய வரி சிவப்பிலும் திருத்திய வரி பச்சையிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். முதல் சிவப்பு வரி இது: “பாக்கியம் போய் இன்றோடு நாற்பது நாள். காப்பி போட எனக்கு இன்னும் வறவில்லை.”

என் நாட்குறிப்பு. முழுவதும்.

அடியில் செழியன் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “இது நாவலா ஐயா? நடை இயல்பாக இருக்கிறது. எழுதியவர் யார்?”

மகள் ஹெப்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, முகம் இப்படி வெளிறிக் கெடக்கு? பிரஷர் மாத்திரை போட்டியளா?”

“போட்டேன்” என்றேன். போடவில்லை. பிறகு போட்டுக்கொண்டேன்.

ஜூன் 25

எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

பிழைதிருத்தியைச் சோதிக்க நிறையத் தமிழ் உரை வேண்டும். மற்றவர்கள் எழுதியதை எடுத்தால் உரிமைப் பிரச்சினை வரும். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன். நானே தட்டச்சு செய்தது என்று என்னிடம் இருந்தது நாட்குறிப்பு மட்டும்தான், நாற்பத்தோராயிரம் சொற்கள். அதை ‘சோதனை’ என்ற பெயரில் துலக்கியின் கோப்புகளோடு என் கணினியில் வைத்தேன். என் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதற்காக.

எங்கள் மாற்றங்களை எல்லாம் கிட் என்ற கருவி சேர்த்து வைக்கிறது. யார், எந்த நாளில், எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பது அதில் நிற்கும். ஒரு மாற்றத்தை அப்படிப் பதிவதற்குக் கமிட் என்று பெயர். பதிவதற்கு முன் எந்தெந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். பிறகு அனுப்ப வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளி வைத்தால் இருப்பது எல்லாமே சேர்ந்து போய்விடும். சோம்பேறிகள்தான் புள்ளி வைப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

மே 30ஆம் தேதி நான் புள்ளி வைத்திருக்கிறேன். அன்று 318 கொடிப் பெயர்களை அனுப்பினேன். பேத்தி இவா தன் முன்பல் ஆடுகிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவசரம். பெயர்களோடு நாட்குறிப்பும் போயிற்று. திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் தர்சினி பெயர்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறார். ‘சோதனை’ என்ற கோப்பைத் திறந்து படிக்க அவருக்கு என்ன தேவை?

இன்று காலை அதை நீக்கினேன். “தேவையற்ற கோப்பு நீக்கம்” என்று காரணமும் எழுதினேன். இருபது நிமிடம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பழைய தேதிக்குப் போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. நீக்கியதும் ஒரு மாற்றம்தான். நீக்குவதற்கு முந்தைய நாளை அந்தக் கருவி பத்திரமாக வைத்திருக்கிறது. இந்தக் குணத்துக்காகத்தான் நான் அதை மூன்று வருடங்களாக மெச்சிவந்தேன்.

ஜூன் 26

இவாவின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஜூன் 28

அதில் என்ன இருக்கிறது என்பதை எழுதாமல் தள்ளிப்போட்டு வருகிறேன்.

பெரும்பகுதியை யார் படித்தாலும் கவலையில்லை. என் மனைவி பாக்கியம் இறந்தது, சர்க்கரை அளவு, மழை, கோவில் ஆராதனைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை. இரண்டு நாட்கள்தான் பிரச்சினை.

ஒன்று, 2023 மார்ச் 14. ஹெப்சி தன் கணவரை விட்டுக் குழந்தையோடு இங்கே வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தலை சீவமாட்டாள், படுத்தே இருப்பாள். அன்று நான் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீடு வெளியே பூட்டியிருந்தது, சாவி என்னிடம் இல்லை. உள்ளே இவா அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தாள். அப்போது அவளுக்கு நாலரை வயது. ஹெப்சி அரைமணி கழித்து வந்தாள். ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். காலில் செருப்பு இல்லை. பாலத்தில் கழற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டாளாம். அந்த வெயிலில் கால் எவ்வளவு சுட்டிருக்கும் என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, இந்த வருடம் ஜனவரி 22. இவா யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். “குழந்தை ஒருநாளும் தனியாக விடப்பட்டதில்லை.” வீட்டுக்கு வந்து, “எழுபத்தைந்து வயதில் முதல்முறையாகப் பொய்யின்கீழ் என் பெயரை எழுதினேன்” என்று குறித்துவைத்தேன்.

விசாரணை ஜூலை 18. நான் சாட்சி.

ஜூலை 1

தர்சினிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஏழு முறை எழுதி ஏழு முறை அழித்தேன். ஒருவருடைய கோப்பை வரலாற்றிலிருந்து வேரோடு எடுக்க வேண்டுமென்றால் மே 30க்குப் பிறகு எல்லோரும் செய்த வேலையையும் திரும்ப அடுக்க வேண்டும். அத்தனை பேரும் தங்கள் நகலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். என் கவனக்குறைவுக்காக நாற்பது பேருக்குத் தொல்லை. நான் யார் அதைக் கேட்பதற்கு?

ஹெப்சி என் பின்னால் வந்து நின்றாள். “காலையில இருந்து ஒரே பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்கிய. அப்படி என்னப்பா அதுல?”

“தாவரப் பெயர்.”

“எங்களுக்கு மட்டும் ஃபோனைப் பாக்காத, கண்ணு கெட்டுரும்னு சொல்லுதியள்லா?” என்று சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிக்கிறாள். வேலைக்குப் போகிறாள், தலையில் பூ வைக்கிறாள். அந்த நாள் மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதைத்தான் யாரிடமும் என்னால் நிரூபிக்க முடியாது.

ஜூலை 3

கடிதம் எழுத முடியாமல், தர்சினியிடம் பேச வேண்டும் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். மாலையில் வவுனியாவிலிருந்து அவரே அழைத்தார். இதற்கு முன் குரல் கேட்டதில்லை. சின்ன வயதுக் குரல்.

“ஐயா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எத்தினை பேர் இப்பிடிச் செய்திருக்கினம் தெரியுமே? நான் என்ர பாங்க் பாஸ்வேர்டையே ஒருக்கா அனுப்பினனான்.”

“அம்மா, இது அந்த மாதிரி இல்லை...”

“என்னெண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அதைத் திறந்தும் பாக்கேல்லை. சனிக்கிழமை எல்லாரையும் ஒருநாள் நிப்பாட்டிப்போட்டு வரலாற்றைத் திருத்தி எழுதுறன். சரியே?”

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“ஆனா ஒண்டு ஐயா. எங்கட இடத்தில இருந்துதான் என்னால எடுக்க ஏலும். மற்றாக்கள் தங்கட கணக்கில நகல் எடுத்து வச்சிருப்பினமெல்லே, அதில கை வைக்க எனக்கு ஏலாது. அவையளைத்தான் கேக்க வேணும்.”

ஜூலை 6

தர்சினி சொன்னபடி செய்துவிட்டார். மே 30 இப்போது 318 கொடிப் பெயர்கள் மட்டும். அறிவிப்பில் “ஒரு பங்களிப்பாளரின் சொந்தக் கோப்பு தவறுதலாகச் சேர்ந்துவிட்டதால்” என்று போட்டிருந்தார். பெயர் போடவில்லை. செழியன் தன் 212 திருத்தங்களையும் பேசாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் புரிந்திருக்கும். நாவல் இல்லை என்று.

பிறகு நகல்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. பெரும்பாலானவை பழையவை, மே மாதத்துக்கு முன்பே நின்றுபோனவை. மே 30க்குப் பின் புதுப்பிக்கப்பட்டவை ஐந்து. நான்கு பேருக்குக் கடிதம் எழுதினேன், நால்வரும் மதியத்துக்குள் நீக்கிவிட்டார்கள். ஒருவர் “வாழ்த்துகள் ஐயா” என்று எழுதியிருந்தார். எதற்கு வாழ்த்து என்று தெரியவில்லை.

ஐந்தாவது நகல் கிங்ஸ்லியுடையது. ஜூன் 9 அன்று புதுப்பிக்கப்பட்டது.

கிங்ஸ்லி என் மருமகன். வழக்கில் எதிர்த்தரப்பு. பாக்கியம் இறந்த பிறகு, “சும்மா உக்காந்திருக்காதீங்க மாமா” என்று எனக்கு இந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து முதல் கமிட்டைச் செய்யவைத்ததும் அவர்தான். ஆலமரம் என்ற ஒரே ஒரு சொல். என் கணக்கைப் பின்தொடர்பவர் என்று இன்றுவரை ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அதுவும் அவர்தான்.

ஜூலை 8

வக்கீல் அலுவலகம். என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். “ஆமாம், இல்லை, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும் சார். புரொஃபசர் மாதிரி விளக்கம் சொல்லாதீங்க” என்றார் வக்கீலம்மா. ஹெப்சி சிரித்தாள். “எங்கப்பாகிட்ட அது நடக்காது மேடம். மணி என்னன்னு கேட்டா நிமிஷம், நொடியெல்லாம் சொல்லுவாவ.”

கோப்பைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.

இரண்டு வழி இருக்கிறது. கிங்ஸ்லியிடம் கேட்காமல் விட்டால் அந்த நகல் அங்கேயே இருக்கும். அவர் என்றைக்காவது திறப்பார், அல்லது ஏற்கெனவே திறந்திருப்பார். கேட்டால், இதுவரை பார்க்காதவரை நானே கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியதாகும். ஒரு தாளில் கோடு போட்டு இருபுறமும் காரணங்களை எழுதினேன். இருபுறமும் ஆறு ஆறு.

ஜூலை 10

கணினியில் நான் தட்டிய கட்டளைகள் எல்லாம் வரிசையாக நிற்கும். மே 30 அன்று என்ன தட்டினேன் என்று இன்றுதான் பார்த்தேன்.

முதலில் பட்டியலைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில்தான் புள்ளி. அதாவது பட்டியல் திரையில் வந்திருக்கிறது. இரண்டே இரண்டு பெயர்கள்: ‘கொடிகள்’, ‘சோதனை’. இரண்டு பெயரைப் படிக்க அவசரம் ஒரு தடையில்லை.

பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

ஜூலை 12

கிங்ஸ்லிக்கு எழுதினேன். “அன்புள்ள கிங்ஸ்லி, துலக்கியின் உங்கள் நகலில் என் சொந்தக் கோப்பு ஒன்று தவறாக வந்திருக்கிறது. பெயர் சோதனை. தயவுசெய்து படிக்காமல் நகலை நீக்கிவிடுங்கள். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். மாமா.”

கோப்பின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அனுப்பிய பிறகுதான் தோன்றியது. ‘மாமா’ என்று எழுதலாமா என்பதையும் யோசிக்கவில்லை.

ஜூலை 13

பதில் இல்லை. ரேஷன் கடைக்குப் போய் வந்தேன்.

ஜூலை 14

ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன். கிங்ஸ்லியின் நகல் இருந்த பக்கத்தில் “இப்படி ஒரு பக்கம் இல்லை” என்று வருகிறது. நீக்கிவிட்டார்.

பதில் மட்டும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? நீக்குவது ஒரு பொத்தான். அதற்கு முன் தன் கணினியில் ஒரு பிரதி எடுக்க இன்னொரு பொத்தான். அச்சுப்போட இன்னொன்று. இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தேதி, பெயர், நிமிடம் எல்லாம் அச்சில் வரும். யாரும் இட்டுக்கட்டியது என்று சொல்ல முடியாது. அந்தக் கருவியின் பெருமையே அதுதான்.

ஜூலை 15

பதில் இல்லை.

ஜூலை 16

பதில் இல்லை. இவாவின் பல் விழுந்தது. “தாத்தா, இது என் பல்லா, இல்ல பழைய என் பல்லா?” என்று கேட்டாள்.

ஜூலை 18

எழுத வேண்டும். இன்றே எழுதாவிட்டால் வேறு மாதிரி நினைவில் நிற்கும்.

குடும்ப நீதிமன்றம், காலை பதினொன்றே முக்கால். கிங்ஸ்லி கடைசிப் பெஞ்சில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்துகொண்டார். அவருடைய வக்கீலின் மேசையில் ஒரு நீல ஃபைல். தடிமனாக இருந்தது. நாற்பத்தோராயிரம் சொல் அச்சில் எத்தனை பக்கம் வரும் என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய நூற்றைம்பது. ஃபைல் அந்த அளவுதான் இருந்தது.

பெயர், வயது, வேலை, குழந்தை எந்தப் பள்ளி, யார் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று அந்த வக்கீல் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னேன். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளில் விரல் வைத்தபடி கேட்டார்:

“குழந்தையை ஒருநாளாவது வீட்ல தனியா விட்டதுண்டா?”

நான் அந்த விரலைப் பார்த்தேன். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இல்லை என்று சொன்னால் அடுத்த நொடி அவர் அதை உரக்கப் படிப்பார். ஹெப்சி அங்கே உட்கார்ந்து அதைக் கேட்பாள். என் வாயால் சொன்னால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம் அல்லவா? இதைத்தான் நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது நினைத்தேனா என்று தெரியவில்லை.

“ஒருநாள்” என்றேன்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“எந்த நாள்?”

“2023 மார்ச் 14. பிற்பகல் இரண்டே கால் மணியிலிருந்து நாலு பத்து வரை.”

“அம்மா எங்க போயிருந்தாங்க?”

“ஆற்றுப் பாலத்துக்கு. நடக்க.”

“மார்ச் மாச வெயில்ல, பகல் ரெண்டு மணிக்கா?”

ஆமாம் என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஹெப்சியைப் பார்த்தார். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்ப்பதுபோல, கோபமில்லாமல் பார்த்தார். வக்கீல் ஃபைலை மூடினார். அந்தத் தாள் அவருடைய கேள்விப் பட்டியல். மூடும்போது தெரிந்தது. கையெழுத்தில் பத்துப் பதினைந்து வரிகள்.

ஹெப்சியின் உடல்நிலை பற்றி ஒரு மருத்துவர் அறிக்கை தரும்வரை, ஆறு வாரத்துக்குக் குழந்தை தகப்பனிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. என் பிரமாணப் பத்திரத்தைப் பற்றிப் பிறகு பார்க்கப்படுமாம்.

ஆட்டோவில் ஹெப்சி கேட்டாள்: “ஏம்ப்பா?”

கோப்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். புள்ளி வைத்தது, செழியன், தர்சினி, நகல். அவள் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஆனா அவரு எதையும் காட்டலியேப்பா. யாருமே ஒண்ணையும் காட்டலியே.”

“ஆமா.”

“அதுல என்ன எழுதியிருந்திய?”

“நடந்ததை.”

“எதுக்கு எழுதினிய?”

ஆட்டோ சிக்னலில் நின்றது.

ஜூலை 19

தர்சினி எழுதியிருக்கிறார்: “எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன் ஐயா. இப்போது அந்தக் கோப்பு எங்கேயும் இல்லை.”

ஜூலை 21

கிங்ஸ்லி ஒன்பது மணிக்கு வந்தார். இவாவின் பையை நான்தான் அடுக்கினேன். உள்ளாடை ஆறு, கவுன் ஐந்து, இருமல் மருந்து, அளவு எழுதிய சீட்டு. ஹெப்சி குழந்தையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவாவைக் காரில் உட்கார வைத்துவிட்டுக் கிங்ஸ்லி என்னிடம் வந்தார்.

“மாமா, நீங்க மெயில் போட்டீங்கள்லா, அன்னைக்கே அழிக்கணும்னு நெனச்சேன். ஊர்ல இல்ல. போன ஞாயித்துக்கிழமதான் வந்து அழிச்சேன். தொறக்கவே இல்ல. உள்ள என்ன இருந்துச்சுன்னு கோர்ட்ல நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“பதில் எழுதலியே.”

“என்ன எழுதன்னு தெரியல மாமா. வக்கீல் உங்ககூடப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு.”

“வக்கீல் கேட்டாரே, தனியா விட்டதுண்டான்னு?”

“எல்லா கேஸ்லயும் கேக்குற கேள்வியாம் அது.”

போகத் திரும்பியவர் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: “மாமா, அன்னைக்கு அவ பாலத்துக்கு... சும்மா நடக்கத்தானே போனா?”

“நடக்கத்தான்” என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கார் திரும்பும்போது இவா பின்கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு போனாள்.

மதியம் சோறும் ரசமும் வைத்தேன். ஹெப்சியின் அறை வாசலில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் தட்டை வைத்துக் கதவைத் தட்டினேன்.

“இருக்கேன்ப்பா” என்றாள்.

இரண்டு மணிக்குத் தட்டினேன். “இருக்கேன்ப்பா.” மூன்று மணிக்கும் அதையே சொன்னாள். நாலு மணிக்குச் சோறு காய்ந்துபோயிருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் காப்பி வைத்துத் தட்டினேன். ஐந்து மணிக்குக் குரல் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

ஆறு மணிக்கும் சொன்னாள்.

இப்போது மணி ஆறு ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.